ஆளை நீக்கினேன், அவருடைய எண் போகவில்லை

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் சர்வர். லினக்ஸ் ஏற்றி, விண்டோஸ் கணினிகளோடும் கோப்புகளைப் பகிர உதவும் சம்பா மென்பொருளைப் போட்டு, நானே அமைத்தது. சம்பளக் கணக்கு பார்த்தவர் வேலையை விட்டுப் போன அன்றே அவருடைய பயனர் கணக்கை நீக்கிவிட்டேன். கோப்புகளை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.

அடுத்த வாரம் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மெதுவாக வந்து, "அண்ணா, சம்பளம்னு ஒரு ஃபோல்டர் திறக்குது. அதை நான் பார்க்கலாமா?" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. அது 700 அனுமதி போட்ட ஃபோல்டர், உரிமையாளரைத் தவிர யாருக்கும் திறக்கக் கூடாது.

பார்த்தால், உரிமையாளரே அவன்தான்! கோப்பின் மேல் லினக்ஸ் எழுதி வைப்பது பெயரை அல்ல, பயனர் எண்ணை. போனவருடைய எண் 1007. கணக்கை நீக்கினாலும் கோப்புகளில் அந்த 1007 ஒட்டிக்கொண்டே இருந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் அவர்தான் என்பதால், அடுத்து வந்தவனுக்கும் சிஸ்டம் அதே 1007-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டது. நல்ல பையன், கேட்டான். கேட்காமல் படித்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்போதெல்லாம் யாரையும் உடனே நீக்குவதில்லை, முடக்கி வைக்கிறேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸ் கடவுச்சொல்லைப் பூட்டினால் மட்டும் போதாது. சம்பா தன் கடவுச்சொற்களைத் தனியாக வைத்திருக்கும், அங்கேயும் முடக்க வேண்டும். எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல் இல்லாமலே தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் கோப்பு) வைத்திருந்தவர் என்றால், கடவுச்சொல் பூட்டியிருந்தாலும் அந்தச் சாவியோடு உள்ளே வந்துவிடுவார். அதையும் எடுக்க வேண்டும்.

* * *

மேலே எழுதியவர் சொன்ன இந்த எண் விவகாரம், என்எஃப்எஸ்ஸில் (லினக்ஸ் கணினிகள் நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) இன்னும் மோசம். வழக்கமான அமைப்பில், எதிரே உள்ள கணினி "நான் 1007" என்று சொன்னால் சர்வர் நம்பிவிடும், கடவுச்சொல்லே கேட்காது. என் லேப்டாப்பில் நான்தானே ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர்? சக ஊழியர் ஒருவரின் எண்ணிலேயே ஒரு பயனரை உருவாக்கி, சர்வரின் ஃபோல்டர்களை என் லேப்டாப்பில் இணைத்தேன் (மவுண்ட்), அவருடைய ஃபோல்டர் திறந்துகொண்டது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் செய்தேன், தப்பாக நினைக்க வேண்டாம். ரூட் ஸ்குவாஷ் என்ற தடுப்பு போட்டிருந்தோம், ஆனால் அது ரூட்டை மட்டும்தான் தடுக்கும். இப்போது குறிப்பிட்ட சில ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறந்திருக்கிறோம். ஆள் யார் என்று சர்வரே சரிபார்க்கும் கெர்பரோஸ் முறைக்கு மாற வேண்டும், தள்ளிக்கொண்டே போகிறது.

* * *

மேலே எழுதிய இருவருக்கும் நேர் எதிர் என் கதை. யாரும் உள்ளே வரவில்லை, நான்தான் வெளியே நின்றேன்.

வீட்டு நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்த கோப்புச் சேமிப்புப் பெட்டி) அட்மின் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தேன்: கடவுச்சொல்லோடு, போனில் உள்ள ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி, அது இணையத்துக்கே போகாதபடி ரூட்டரில் தடுத்தும் வைத்தேன். ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. அதற்குப் பிறகு எந்த ஆறு இலக்க எண்ணைப் போட்டாலும் தவறு என்றது. அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. மதர்போர்டில் இருந்த நாணய பேட்டரி செத்துப்போய், நாஸின் கடிகாரம் 2015 ஜனவரிக்குப் போயிருந்தது. சரியான நேரத்தை இணையத்தில் கேட்கவும் வழியில்லை, நான்தான் அடைத்துவிட்டேனே.

உலாவியின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால், நாஸ் அனுப்பும் ஹெடர்களில் (பக்கத்தோடு சேர்ந்து வரும் தலைப்புத் தகவல்கள்) அது நினைத்துக்கொண்டிருக்கும் தேதியும் நேரமும் தெரியும், கிரீன்விச் நேரத்தில். போனில் தானியங்கி நேரத்தை நிறுத்தி, அதற்குச் சமமான நேரத்தை வைத்தேன். ஆப் புது எண் காட்டியது, கதவு திறந்தது.

உள்ளே போனதும் ரூட்டரையே நேரம் சொல்லும் சர்வராக அமைத்தேன், பேட்டரியையும் மாற்றினேன். அவசரத்துக்கென்று பேக்கப் குறியீடுகள் கொடுப்பார்களே, அவை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்திரமாகத்தான் இருந்தன, பிடிஎஃப்பாக, அந்த நாஸுக்குள்ளேயே.