லேப்டாப்பை ஸ்டீரியோவில் இணைத்தால் உறுமல்: உதவி தேவை

நாயுடுபுரம், கொடைக்கானல்:

வணக்கம். எங்கள் வீட்டில், வானொலியும் சேர்ந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அப்பா சேர்த்துவைத்திருந்த நாகசுர ஒலிநாடாக்களில் மலை ஈரத்தால் பூஞ்சை படர ஆரம்பித்ததும், பிழைத்தவற்றை எல்லாம் லேப்டாப்பில் பதிந்துவிட்டேன். அவருக்குக் காது சற்று மந்தம். ஹெட்போன் மாட்டிக்கொள்ளவும் பிடிக்காது. ஆகவே லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் 3.5 மி.மீ. பின்னையும், ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 'ஃபோனோ' என்று எழுதியிருந்த இடத்தில் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. பின்களையும் செருகினேன். நாகசுரம் கரகரவென்று உடைந்து கேட்கிறது. அடியில் ஓயாத உறுமல் வேறு. பாட்டை நிறுத்தினாலும் உறுமல் நிற்பதில்லை. அதே ஆம்ப்ளிஃபையரில் கொடை எஃப்.எம். 100.5 தெளிவாகக் கேட்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பழனி:

வானொலி தெளிவாகக் கேட்பதால் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் நலம் என்று கொள்ளலாம். தவறு நீங்கள் தேர்ந்த துளையில் இருக்கிறது. ஃபோனோ என்பது இசைத்தட்டு ஊசிக்கு உரியது. ஊசியிலிருந்து வருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்தான் என்பதால், அந்தத் துளைக்குப் பின்னால் உள்ள சுற்று அதை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்குவதோடு, தாழ்ந்த ஒலிகளைத் தூக்கி, உயர்ந்தவற்றை அடக்கவும் செய்கிறது. ஹெட்போன் துளையோ ஒரு வோல்ட் வரை தரக்கூடியது. அது அங்கே நுழைந்தால் உடையாமல் என்ன செய்யும்? பின்களை, பிற கருவிகளின் ஒலியை ஏற்கும் 'ஆக்ஸ்' அல்லது 'டேப் இன்' துளைக்கு மாற்றுங்கள். 'டேப் அவுட்' வேண்டாம். அது வெளியே அனுப்பும் வழி.

நாயுடுபுரம்:

மிக்க நன்றி. ஆக்ஸுக்கு மாற்றியதும் கரகரப்பு முற்றிலும் போய்விட்டது. உறுமல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டினால் மட்டும் நிசப்தமாகிறது.

திண்டுக்கல்:

சார்ஜர் பிளக்கின் தடித்த மூன்றாம் முள்ளை நீக்கிவிடுங்கள், அல்லது இருமுள் மாற்றியில் செருகுங்கள். உறுமல் நின்றுவிடும்.

பெருமாள்மலை:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முப்பது ஆண்டுகளாக வயரிங் வேலை செய்பவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அது எர்த் முள், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவது. சத்தத்துக்காக வைத்ததன்று, உயிருக்காக வைத்தது. நாயுடுபுரத்து நண்பரே, சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோக மூடியைப் புறங்கையால் மெல்ல வருடிப் பாருங்கள். எறும்பு ஊர்வதுபோல் நடுக்கம் தெரிகிறதா? ஆம்ப்ளிஃபையரோடு டிவியையும் இணைத்திருக்கிறீர்களா?

நாயுடுபுரம்:

ஆம், நடுக்கம் தெரிகிறது. லேப்டாப் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். டிவியும் செட்டாப் பாக்ஸ் வழியாக இணைந்திருக்கிறது. டிஷ் கூரைமேல் இரும்புக் குழாயில் நிற்கிறது.

பெருமாள்மலை:

அப்படியானால் வீட்டின் எர்த் அறுந்திருக்கிறது என்றே சந்தேகிக்கிறேன். சார்ஜருக்குள் உள்ள இரைச்சல் வடிகட்டி, மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை எர்த் வழியாக வெளியேற்றுகிறது. எர்த் இல்லாதபோது அது லேப்டாப்பின் உடலில் ஏறி, ஆடியோ ஒயரின் மேலுறை வழியே ஆம்ப்ளிஃபையருக்குள் போய், டிஷ் கேபிளைப் பிடித்துக்கொண்டு கூரை இரும்பில் இறங்கப் பார்க்கும். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமே உங்கள் உறுமல். நீங்களே பிளக்பாயிண்டைத் திறக்காதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் 230 வோல்ட்டுக்கு அருகில் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டினால் எர்த் குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். நம் மலையில் ஓயாத ஈரம், எர்த் ஒயரைக் குழியில் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் துரு தின்றுவிடும்.

எர்த் சரியான பிறகும், அதற்கும் டிஷ் கேபிளுக்கும் இடையே மின்னோட்டம் சுற்றிவரும் ஒரு வளையம் உருவாகி லேசான உறுமல் மிஞ்சலாம். அதற்கு லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்னும் சிறு பெட்டியைப் போட்டால் போதும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும், ஒலி மட்டும் கடக்கும்.

நாயுடுபுரம்:

நேற்று எலக்ட்ரீஷியன் வந்தார். மீட்டர் முதலில் 90 வோல்ட்தான் காட்டியது. வீட்டின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே குழியைத் தோண்டியபோது, கிளாம்ப் இருந்த இடத்தில் செம்மண்ணோடு மண்ணாய்த் துருத்தூள்தான் கிடந்தது. ஒயர் முனை தனியே தொங்கியது. புதிதாக மாட்டியதும் 228 வோல்ட் வந்தது, லேப்டாப் மூடியில் நடுக்கமும் இல்லை. ஸ்பீக்கரில் காதை வைத்தால் கேட்கும் அளவுக்கு இருந்த மிச்ச உறுமலும், ஐசொலேட்டர் போட்டதும் ஓய்ந்தது. லேப்டாப்பின் ஒலியளவை 85 விழுக்காட்டில் நிறுத்திவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபையர் திருகிலேயே என்று அப்பாவுக்குக் காட்டியிருக்கிறேன். நாகசுரத்துக்குப் பின்னால் ஒத்து பிடிப்பவரின் சுருதி, உறுமலில் இத்தனை நாள் கரைந்துகிடந்தது, இப்போது தனியாகக் கேட்கிறது. அவர்தான் முதலில் கவனித்துச் சொன்னார்.