வருத்தத்தில கிடந்து தன்ட முகத்தையே படமாக் கீறின பிள்ளைகள்: ஆரும் பாத்திருக்கீங்களா?

கல்லடி வாசி:
கல்லடியில மாணவர் கண்காட்சி. அந்தத் தங்கச்சிக்கு ரத்தப் புற்றுநோய், மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திட்டு வந்தவ. ஒரே அளவில வரிசையா அவட முகம். முதல் படத்தில தாடையெலும்பு தெரியுது. போகப் போகக் கன்னம் உப்பி, கண் சின்னனாகிட்டு வருது. சித்திரம் தெரிஞ்ச ஒரு பெரியவர், "முக அளவு பிழைச்சுட்டு, கண்ணாடியப் பாத்துக் கீறியிருக்கலாம்" எண்டார். அவ பின்னாலதான் நிண்டவ. ஒண்டும் சொல்லாம மாஸ்க்கை இறக்கிக் காட்டினா. படத்தில இருந்த அதே கன்னம். இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது; அவட முகமில்ல, அவர்ர முகம்.

அக்கரைப்பற்று ராத்தா:
அது ஸ்டீரொயிட் செய்ற வேலை. என்ட தம்பிக்கு சிறுநீரக வருத்தத்துக்கு பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை குடுக்கக்குள்ளயும் அப்பிடித்தான் ஊதினான். டொக்டர் குளிசையக் குறைக்கக் குறைக்க இறங்கிட்டு. அவன் கீறினது கொப்பியில, பேனையால. பாத்தா முகமே இல்ல, காதும் கழுத்தும்தான். "முகம் நாளுக்கு நாள் மாறுது ராத்தா, காது மட்டும்தான் என்டது" எண்டான்.

களுவாஞ்சிக்குடி மாஸ்டர்:
கன்னத்திலயே நிக்கிறீங்க. நானும் அந்தக் கண்காட்சிக்குப் போனனான். விசயம் படத்தில இருக்கிற கையில கிடக்கு. கெனுலாக்கு, அதான் மருந்து ஏத்த நரம்பில போடுற குழாய்க்கு, ஒட்டின பிளாஸ்டர்ர ஓரம் ஊத்தையாகிச் சுருண்டதைக் கூட விடாமக் கீறியிருந்தா. உடனே தன்ட முகத்தையே கீறின மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ எண்டுவீங்க. 1925இல பஸ் விபத்து, கட்டிலுக்கு மேல கண்ணாடி, எல்லாம் சரி. ஆனா 1944இல கீறின 'உடைந்த தூண்' பாருங்க: உடம்பு பிளந்து, மேலெல்லாம் ஆணி, கண்ணீரும் வழியுது, முகம் மட்டும் குலையல்ல. நம்மட பிள்ளை முகத்தையே விட்டுக்குடுத்திருக்கா. எனக்கு இதுதான் பெரிசு.

வருத்தத்தோட கீறுற பிள்ளைகள் வீட்டில இருந்தா கேளுங்க. ஒயிலும் டேர்பண்டைனும் வேணாம், மருந்து ஏத்தின கிழமை அந்த மணத்துக்கே சத்தி வரும். சோக் பஸ்டலும் வேணாம், தூசு. கலர் பென்சில், நீர்வர்ணம் காணும். தூரிகை கழுவின தண்ணிய அண்டண்டே ஊத்திடுங்க, வெள்ளணு குறைஞ்ச உடம்பு, கிருமி லேசாத் தொத்தும். தூரிகைய வாயில வெச்சுக் கூராக்கிற பழக்கம் அறவே கூடாது. கெனுலாவ கீறாத கையில போடச் சொல்லி நேர்ஸ் மிஸ்ஸிட்ட முதலே கேளுங்க. படுத்துக்கொண்டு கீறுறதெண்டால் தடிச்ச மட்டையில பேப்பரக் கிளிப் பண்ணி

கல்லடி வாசி:
மாஸ்டர், பாதியில நிக்குது உங்கட வகுப்பு. நிக்கட்டும், ஆரும் சாமான் லிஸ்ட் கேக்கல்ல. ராத்தா, தம்பிட காதுப் படங்கள் இன்னும் கிடக்கா? அவன் ஓமெண்டால் ஒண்டைப் போடுங்க.