வீட்டு வாசலில் பைக் கழுவும்போது நமக்கு நேர்ந்தவை

என் வண்டி 2011-ல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் பிளஸ். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இங்கே உப்புக் காற்று முதலில் ஸ்போக்ஸைப் பிடிக்கும், அடுத்து சைலன்சரின் அடிப்பக்கம். அதற்குப் பயந்து முதல் நாலைந்து வருஷம் மாதாமாதம் வாட்டர் வாஷுக்கு விட்டேன். பிரஷர் பம்பில் பத்து நிமிஷத்தில் கழுவி, மேலே டீசல் ஸ்ப்ரே அடித்துப் பளபளவென்று கொடுப்பார்கள். மறுநாளே அந்தப் பிசுக்கில் தெருப் புழுதி அத்தனையும் ஒட்டியிருக்கும்.

ஒருநாள் முன்சக்கரத்தில் கரகரவென்று சத்தம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி பேரிங்கை என் கையில் வைத்தார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருத் தண்ணீர். "ஆக்ஸில் பக்கத்துலயே பம்ப்ப வெச்சு அடிச்சா தண்ணி உள்ள போயிடும் சார். ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங் இருக்கே, பால்ரேஸ், அதுக்கும் இதே கதிதான்" என்றார். அன்றோடு பம்ப் வாஷை விட்டேன். இப்போது இரண்டு பக்கெட், ஒரு மக், என் கை.

வண்டி சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றுவதில்லை. அரை மணி நேரமாவது ஆற விடுவேன். சாவித் துவாரத்தில் ஒரு துண்டு டேப், சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் கவர். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும். மண் இருக்கும்போதே துணியால் தேய்த்தால் டேங்க்கில் கோடு விழும். என் டேங்க்கின் இடப்பக்கம் இன்னும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். சக்கரத்துக்குத் தனித் துணி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி. அதனால் கடைசி இரண்டு மக் மட்டும் மெட்ரோ தண்ணீர், உடனே துடைத்துவிடுவேன்.

இப்படிக் கழுவ ஆரம்பித்த மூன்றாவது வாரமோ என்னவோ, பின்சக்கரத்து ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் துடைத்து வரும்போது ஒன்று கையோடு ஆடியது. ரிம்மோடு சேரும் நிப்பிள் பக்கம் விட்டுப்போயிருந்தது. பின்னால் என் பெண்ணை உட்காரவைத்து தினமும் பள்ளிக்குப் போகும் வண்டி. பம்ப் அடிப்பவர் கண்ணில் அது பட்டிருக்கவே முடியாது. அதற்குப் பிறகு டயரில் ஏறிய ஆணியையும் முன்பக்க ஷாக் அப்சார்பரின் (ஃபோர்க்) ஆயில் கசிவையும் கழுவும்போதுதான் கண்டேன்.

ஒரு எச்சரிக்கை. கழுவிய கையோடு ஒருநாள் அவசரமாகக் கிளம்பினேன். எல்.பி. ரோடு திருப்பத்தில் பிரேக்கை மிதித்தால் பிடிக்கவே இல்லை. பிரேக் டிரம்முக்குள் தண்ணீர். முன்னால் ஆள் இல்லாததால் தப்பித்தேன். டிரம் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள், கழுவியதும் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காய வையுங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

தம்பி, நான் கோவை. பல்சர் 150. என் அனுபவத்தை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முதல் கியரில் இன்ஜினை ஓடவிட்டு, செயினில் துணியைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேகமாக முடியும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தது. துணியின் நுனியை, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் இழுத்தது. கையை உதறியதில் நகம் மட்டும் போனது. அதே வருஷம் எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு விரல் நுனியே போய்விட்டது. பதினெட்டு வயசு. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும். ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினுக்கு பெட்ரோல் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். செயின் கிளீனர் போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு செயின் லூப் (செயினுக்கான எண்ணெய்) அடியுங்கள்.

இன்னொன்று. பாலிஷ் ஸ்ப்ரேயை பிரேக் டிஸ்க் பக்கம் கொண்டு போகவே கூடாது. டயரின் தரையில் படும் பாகத்திலும் கூடாது. வளைவில் வழுக்கும்.

*

நான் வேளச்சேரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் வண்டி சீட் வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க கை துடித்தது. பக்கத்து வீட்டு அண்ணன், "சாவியே போடாதே, பேட்டரி ஒயரைக் கழட்டு" என்று தடுத்துவிட்டார். இன்ஜின் ஆயிலை இறக்கினால் தண்ணீர் கலந்து பால் விட்ட டீ நிறத்தில் வந்தது. அப்படியே கிக்கரை உதைத்திருந்தால் இன்ஜின் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டரை மாற்றி, ஆயிலை இரண்டு தடவை மாற்றினோம்.

சேறு காய்வதற்குள் கழுவ வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. காய்ந்த பிறகு மட்கார்டின் உள்பக்கத்தில் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டது. ஈரச்சாக்கைப் போர்த்தி ஊற வைத்துத்தான் எடுத்தேன். மேலே எல்லாம் பளிச்சென்று ஆன பிறகும் பிரேக் டிரம்மைத் திறந்தால் ஒரு கை நிறையக் களிமண் இருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.