பந்தயத்தின் நடுவே மெனுவைத் திறந்தால் கை தடுமாறுகிறது

மண்டபம் கரையோன்:
அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற கார் பந்தய வீடியோ கேமில் ஜிடி3 வகைப் பந்தயக் கார் ஓட்டுகிறேன். ஓட்டம் மோசமில்லை; பிட்டுக்கு (எரிபொருள், டயர் மாற்ற நிறுத்தும் இடம்) முன் எரிபொருள் அளவை மாற்ற மெனுவைத் திறந்தால்தான் பதறிவிடுகிறேன். நேற்று ஸ்பா பந்தயத்தடத்தில், கெம்மல் நேர்பாதையில் லிட்டரைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பிரேக் பிடிக்கும் இடம் கடந்துபோய், லே கோம்ப் வளைவில் நேராக வெளியே போய் நின்றேன். ஓட்டியபடியே இதை நிதானமாகச் செய்வது எப்படி?

கீழக்கரைக்காரன்:
தம்பி, 250 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி திரையின் ஓரத்தைப் பார்த்தால் 140 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகத்தான் கணக்கு. ஆகவே லிட்டர் கணக்கைப் பாதையில் போடாதீர்கள். காரின் செட்டப் பக்கத்திலேயே பிட் உத்திகளை (பிட்டில் எவ்வளவு எரிபொருள், எந்த டயர் என்பதை) நிரப்பி வைத்துவிட்டால், ஓடும்போது உத்தியின் எண்ணை மாற்றினால் போதும். அதற்கும் ஒரு நேர்பாதைக்கு ஒரே வேலை. முடியாவிட்டால் மெனுவை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சுற்றில் தொடருங்கள். பிரேக் பயாஸ் (முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் பிரியும் விகிதம்), டிராக்சன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுப்பது) இரண்டையும் ஸ்டியரிங்கில் கட்டைவிரல் எட்டும் பொத்தான்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். பயாஸை முன்சக்கரத்துக்குக் கூட்டும் பொத்தானில் நான் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிட்டேன். அந்தச் சிறு மேடு விரலில் பட்டதும் குனிந்து பார்க்கத் தேவையில்லை. (லாத்தா, அதாவது அக்கா, இன்னும் அந்தக் குப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.)

பாம்பன் காற்று:
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி, ஆனால் பழியை முழுவதும் உங்கள் பதற்றத்தின்மேல் போட வேண்டாம். நம் பக்கத்து உப்புக்காற்றில் பொத்தானின் உள்முனைகள் களிம்பேறிவிடுவதால், ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதியும். எரிபொருளைக் கூட்டுவதாக நினைத்து டயர் காற்றழுத்தத்தை மாற்றிவிட்டு, பிட்டிலிருந்து வெளியே வந்தபின் கார் ஏன் வழுக்குகிறது என்று ஒரு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பொத்தானையும் இருபது முறை மெதுவாக அழுத்திப் பாருங்கள். விளக்கு இரண்டுமுறை மினுங்கினால் கோளாறு அங்கேதான். இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் காண்டாக்ட் கிளீனர் (மின்முனைகளைச் சுத்தம் செய்யும் திரவம்) தெளித்து நன்றாக உலரவிடுங்கள். ஓட்டாத நேரத்தில் ஸ்டியரிங்கைத் துணியால் மூடி வையுங்கள்.

மண்டபம் கரையோன்:
சோதித்தேன். கீழ் அம்புப் பொத்தான் இருபதில் நான்கு முறை இரட்டையாகப் பதிந்தது. துடைத்தபின் சரியாகிவிட்டது. உத்திகள் மூன்று எழுதி, மூன்றாவதை மழை டயருக்கு வைத்திருக்கிறேன். நகப்பூச்சுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை, காக்கா. சைக்கிள் பஞ்சர் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறேன்.