வேட்டை ரைபிளின் ட்ரிகர் கனத்தை நாமே குறைக்கலாமா?

நெடுங்குழல் (கேள்வி):

வணக்கம். என்னிடம் .308 தோட்டாவுக்கான போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைபிள் ஒன்று உள்ளது (ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் போல்ட் எனும் பூட்டுத் தண்டைக் கையால் இழுத்து மூடும் வகை). பழைய துப்பாக்கியாயினும், அதன் ட்ரிகர் தொழிற்சாலையில் வைத்த நிலையிலேயே இருப்பதாகத் தெரிகிறது. ட்ரிகரில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்ததில், அது விடுபடுவதற்கான கனம் ஏறத்தாழ 3 கிலோ என்று காட்டியது. தொலைநோக்கி நீங்கலாக ரைபிளின் எடையே 3.2 கிலோதான். மணல் மூட்டையின் மேல் வைத்துச் சுடும்போது சமாளிக்க முடிகிறது. ஆனால் முழங்காலிட்டோ நின்றோ சுடும்போது, ட்ரிகர் விடுபடும் கணத்தில் குறுக்குக்கோடு இலக்கைவிட்டு நழுவுவது எனக்கே தெரிகிறது. துப்பாக்கியின் கட்டையைக் (தோளில் பதிக்கும் பகுதி) கழற்றியபோது ட்ரிகர் பெட்டியின் முன்புறத்தில் மேலும் கீழுமாக இரண்டு, பின்புறத்தில் ஒன்று என மூன்று சிறு திருகுகள் இருந்தன. மூன்றின் மேலும் அரக்கு போல ஏதோ பூசப்பட்டுள்ளது. கையேட்டில் இவற்றைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை. இவற்றுள் எதைத் திருப்பலாம், வேட்டைக்கு எந்த அளவு கனம் போதுமானது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உலைக்களம்:

நண்பரே, தாங்கள் விவரிக்கும் அமைப்பு ரெமிங்டன் 700 ரைபிளின் பழைய ட்ரிகரை ஒத்திருக்கிறது. அதில் முன்புறக் கீழ்த்திருகு ஸ்பிரிங்கை அழுத்திக் கனத்தைத் தீர்மானிக்கிறது. முன்புற மேல்திருகு, ட்ரிகர் விடுபட்ட பிறகும் பின்னோக்கிச் செல்லும் தூரத்தைக் கட்டுப்படுத்துகிறது. பின்புறத் திருகுதான் சியரும் (தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் உறுப்பு) அதைத் தாங்கும் விளிம்பும் எவ்வளவு ஆழத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்கிறது. அந்தப் படிமானம் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதைக் கண்ணால் மதிப்பிட்டுத் திருப்புவதென்பது, துப்பாக்கி தானாக வெடிப்பதற்கு நாமே வழி செய்து கொடுப்பதாகும். ஆகவே பின்புறத் திருகை, அளவுகோலும் உருப்பெருக்கியும் உள்ள ஒரு துப்பாக்கி மெக்கானிக்கைத் தவிர வேறு எவரும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கனத்தைக் குறைக்கும் திருகுக்கும் ஓர் எல்லை உண்டு. போல்ட்டை மேலேற்றிப் பின்னுக்கு இழுத்து மீண்டும் மூடும்போது, ட்ரிகரைச் சியருக்கு அடியில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது அதே ஸ்பிரிங்தான். அது மிகத் தளர்ந்திருந்தால் ட்ரிகர் உரிய நேரத்தில் திரும்பாது. போல்ட்டை மூடும்போது ஃபயரிங் பின் எதிலும் தங்காமல் அதனுடனேயே முன்னுக்கு வந்துவிடும். குளிரில் எண்ணெய் தடித்துவிட்டாலும் இதே ஆபத்துதான். தங்கள் ட்ரிகரில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு: ட்ரிகருக்கும் சியருக்கும் இடையே தனித்து அசையும் சிறு தகடு ஒன்று இருக்கிறது, அதற்கும் ட்ரிகருக்கும் நடுவே தூசியோ காய்ந்த எண்ணெயோ புகுந்தால் அது தன் இடத்துக்குத் திரும்பாமல் போகலாம். அந்த அமைப்பைக் குறித்து அமெரிக்காவில் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. துப்பாக்கி உண்மையிலேயே அந்த வகையாக இருந்தால், திருகுகளைத் திருப்புவதைவிட, டிம்னி, ட்ரிகர்டெக் போன்ற நிறுவனங்கள் விற்கும் புதிய ட்ரிகரைப் பொருத்திக்கொள்வதே நல்லது. அதில் அந்தத் தகடு இருக்காது.

வனப்பாதை:

முந்தைய பதிலுடன் உடன்படுகிறேன்; ஆயினும் கனத்தை மட்டுமே குறையாகக் கொள்வது சரியல்ல. 2 கிலோ கனமுள்ள ட்ரிகராக இருந்தாலும், விடுபடுவதற்கு முன் சிறிதும் இழுபடாமல் கண்ணாடிக் குச்சி முறிவதைப் போல ஒரே கணத்தில் விடுபட்டால் அதைக் கொண்டு நன்றாகச் சுட முடியும். 1 கிலோ கனமே உள்ள ட்ரிகர் மணலில் இழுபடுவதைப் போல நரநரவென்று நகர்ந்து எப்போது விடுபடும் என்று தெரியாமல் இருந்தால் அது பயனற்றது. குறுக்குக்கோடு நழுவுவதற்குப் பாதிக் காரணம், ட்ரிகரை இழுக்கும் விரலைத் தவிர மற்ற விரல்களும் சேர்ந்து பிடியை இறுக்குவதாகும். வெற்றுத் துப்பாக்கியில் டம்மி தோட்டா போட்டு, குறுக்குக்கோட்டை அசையவிடாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுவது எந்தத் திருகும் தராத பலனைத் தரும்.

வேட்டைக்கான அளவைக் கேட்டீர்கள். கையுறை அணிந்தும், குளிரில் விறைத்த விரலோடும், ஓடி வந்து மூச்சு வாங்கும்போதும் பயன்படுத்தும் துப்பாக்கிக்கு 1.3 கிலோவுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். இது ஏறத்தாழ 3 பவுண்டு. டிக்கா டி3 ரைபிளின் ட்ரிகரைத் தயாரிப்பாளரே 1 முதல் 2 கிலோவுக்குள் சரிசெய்ய அனுமதிக்கிறார். சாவேஜ் நிறுவனத்தின் அக்யூட்ரிகர் அதனினும் கீழே இறங்குகிறது. ஆனால் அதில் ட்ரிகரின் நடுவே உள்ள மெல்லிய நாக்கு விரலால் அழுத்தப்படாதவரை சியரைத் தடுத்து நிறுத்துகிறது, அதனால்தான் அவ்வளவு குறைக்க முடிகிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாத ட்ரிகரை அதே அளவுக்குக் குறைக்க ஆசைப்படுவது அறிவீனம்.

நெடுங்குழல்:

இருவருக்கும் நன்றி. வரிசை எண்ணைக் கொண்டு விசாரித்ததில் தாங்கள் கூறிய பழைய வகைதான் என்பது உறுதியாயிற்று. புதிய ட்ரிகரை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ள முடிவுசெய்துள்ளேன். அவர் பொருத்தித் தந்த பிறகு நான் எவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்? ஸ்பிரிங் தராசில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வருகிறதே, அது ஏன்? கனத்தை மாற்றிய பின் திருகின் மேல் லாக்டைட் (திருகு தளராமல் ஒட்டும் பசை) ஊற்றலாமா?

உலைக்களம்:

தராசிலிருந்து தொடங்குகிறேன். ட்ரிகர் மேலே உள்ள ஊசியில் அசைவதால், கொக்கியை நுனிப்பக்கம் மாட்டினால் நெம்புகோல் நீண்டு அளவு குறைவாகவும், மேலே மாட்டினால் அதிகமாகவும் காட்டும். வளைவின் நடுவில் மாட்டி, குழலுக்கு இணையாக, சட்டென்று இழுக்காமல் மெதுவாக இழுங்கள். பத்து முறை இழுத்துச் சராசரி எடுங்கள். பத்தும் நெருக்கமாக இருந்தால் ட்ரிகர் நன்றாக உள்ளது. ஒன்றுக்கொன்று கால் கிலோ வேறுபட்டால், கனம் எவ்வளவு குறைந்திருந்தாலும் மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுங்கள்.

சோதனைகளுக்கு முன், தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, மேகசினையும் சேம்பரையும் (குழலில் தோட்டா அமரும் அறை) கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தடவி உறுதிசெய்யுங்கள். பிறகு போல்ட்டைப் பலமுறை வேகமாக அறைந்து மூடிப் பாருங்கள். சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) போடாமல், கட்டையின் அடிப்பாகத்தை ரப்பர் விரிப்பின் மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டுங்கள். பக்கவாட்டிலும் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். அடுத்து சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்தமாக இழுத்து விட்டுவிட்டு, விரலை முற்றிலும் விலக்கிய பின் சேஃப்டியை விடுவியுங்கள். இந்த மூன்றில் எதில் ஒரே ஒரு முறை ஃபயரிங் பின் இறங்கினாலும் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடக் கூடாது. கடைசிச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை; சேஃப்டியை விடுவிக்கும்போது வெடிக்கும் துப்பாக்கிகள் அதில்தான் பிடிபடுகின்றன.

லாக்டைட் வேண்டாம். அது திருகின் இடுக்கு வழியாக உள்ளே கசிந்து சியரின் முகத்தில் காய்ந்துவிடும். ரெமிங்டன் 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகர் பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைபிள்களைத் திரும்பப் பெற்றதற்கு, தொழிற்சாலையில் பொருத்தும்போது ஒட்டுப் பசை அளவுக்கு மீறி இடப்பட்டதே காரணம். திருகின் தலையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு தடவினால் போதும், அது கீறல்படும்போது திருகு அசைந்திருப்பதும் தெரிந்துவிடும். ட்ரிகர் பெட்டிக்குள் எண்ணெய் விடாதீர்கள். அழுக்குச் சேர்ந்தால் லைட்டர் திரவத்தால் கழுவி உலர விடுங்கள்.