எங்க ரோஸியோட போட்டோ எல்லாம் எப்படி காப்பாத்தறது? கடலூர், பாண்டி பக்கம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு நாய் ரோஸி போன மாசம் போயிட்டா. 2011 டிசம்பர் கடைசில தானே புயல் அடிச்சுது இல்ல, அது முடிஞ்சு பண்ருட்டி பக்கம் பாட்டி வீட்ட பாக்கப் போன அப்பா, சாஞ்சு கெடந்த பலா மரத்துக்கு அடில கத்திக்கிட்டு இருந்த குட்டிய துண்டுல சுத்தி வண்டி முன்னாடி வச்சு எடுத்துட்டு வந்தாரு. நாட்டு நாய்தான், செவலை, இடது காது நுனி மட்டும் மடங்கி இருக்கும். என் தம்பி அவ முதுகப் புடிச்சுத்தான் நடக்கப் பழகுனான். அப்பா தவறுனப்ப அவர் செருப்பு பக்கத்துலயே படுத்துக் கெடந்தா, சோறு வச்சாலும் திரும்பிப் பாக்கல.

இப்ப அவ போட்டோ நாலா பக்கமும் சிதறிக் கெடக்கு. அப்பாவும் அவளும் சேந்து இருக்கற ஒரே பிரிண்ட் ஹால்ல ப்ரேம் போட்டு வச்சிருந்தோம், 2024 டிசம்பர்ல பெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணைல வெள்ளம் வந்தப்ப வீட்டுக்குள்ள தண்ணி வந்து அது நனைஞ்சிருச்சு, இப்ப காஞ்சு போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. மீதி கொஞ்சம் அந்த பழைய ஒட்டற ஆல்பத்துல மஞ்சளா மாறிக்கிட்டு இருக்கு. அப்பாவோட பழைய போன் ஆன் ஆகல, பின்னாடி மூடி உப்பிக்கிட்டு இருக்கு, அதுலதான் நிறைய இருக்கும்னு நெனைக்கிறேன். அம்மா வாட்ஸாப்ல கொஞ்சம் இருக்கு. அம்மாவுக்கு அவ படம் ஒண்ணு பெருசா போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்னு ஆசை. எதுலேந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல, யாராவது பொறுமையா சொன்னா புண்ணியமா போகும்.

கலர்லேப் பாண்டி:

தங்கச்சி, படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு. நான் நெல்லித்தோப்பு பக்கம் கலர் லேப்ல ரொம்ப வருஷமா இருக்கேன், வெள்ளத்துக்கு அப்புறம் இந்த மாதிரி ப்ரேமத் தூக்கிக்கிட்டு வந்தவங்க எத்தனையோ பேரு. முதல் விஷயம், அந்தப் போட்டோவ உரிக்காதீங்க, வீட்ல வேற யாரும் ஒரு ஓரத்த தூக்கிப் பாக்கவும் விடாதீங்க. லேப்ல போட்ட கலர் பிரிண்ட்ல படமே மேல இருக்கற ஜெலட்டின் பூச்சுக்குள்ளதான் இருக்கு. ஈரம் பட்டா அது இளகி கண்ணாடியப் புடிச்சுக்கும், காஞ்சா கோந்து மாதிரி இறுகிடும், இழுத்தா படம் கண்ணாடியோட போயிடும், வெறும் பேப்பர்தான் கைல மிஞ்சும்.

ப்ரேம் கட்டைய மட்டும் கழட்டிட்டு, பின் அட்டை சுலபமா வந்தா எடுத்துட்டு, கண்ணாடியோட சேத்தே ஸ்கேனர் மேல கவுத்து வச்சு ஸ்கேன் பண்ணுங்க. வெளிப்பக்கம் கண்ணாடிய பஞ்சுத் துணியால லேசா தொடைச்சுக்கங்க. 600 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி, வைக்கச் சொல்லுங்க. 4க்கு 6 அங்குல போட்டோன்னா 2400க்கு 3600 பிக்சல் வந்துரும், அத வச்சு நல்லாவே பெருசு பண்ணலாம். ஸ்கேனர் இல்லன்னா பகல்ல ஜன்னல் ஓரமா வச்சு, லைட்ட அணைச்சுட்டு, போன் புடிக்கறவங்க கருப்புத் துணிய போத்திக்கிட்டு எடுங்க, அப்பதான் கண்ணாடில உங்க முகமும் ஃபேனும் தெரியாது.

அதுக்கப்புறம் தண்ணில ஊற வச்சா கழண்டு வரும்னு நிறைய பேரு சொல்லுவாங்க, அது பொய் இல்ல, சூடு பண்ணாத நல்ல தண்ணி, தட்டுல முழுசா மூழ்கற மாதிரி வச்சு பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா லேப் பிரிண்ட் சில நேரம் தானா விட்டுக் குடுக்கும். ஆனா வெள்ளத் தண்ணில நனைஞ்ச போட்டோல கிருமி ஜெலட்டின தின்னுருக்கும், கலர் வழிஞ்ச மாதிரி கோடு கோடா தெரியும், அந்த நிலைல தண்ணில போட்டா மிச்ச படமும் கரைஞ்சு போயிடும். இங்க்ஜெட் பிரிண்டர்ல எடுத்ததா இருந்தா தண்ணியே ஆகாது. என் கருத்து கேட்டீங்கன்னா, அப்பாவும் அவளும் இருக்கற ஒரே படம்னு சொல்றீங்க, அத வச்சு சோதனை பண்ணவே வேணாம். கண்ணாடியோடவே நல்லா காப்பி எடுங்க, எடுத்துட்டு அந்த ஒரிஜினல கண்ணாடியோடவே துணில சுத்தி பத்திரமா வைங்க. மாட்டறதுக்கு காப்பிலேந்து புது பிரிண்ட் போட்டுக்கலாம்.

ஒட்டற ஆல்பத்துக்கு, பல்லு இடுக்கு சுத்தம் பண்ற நூல் மெடிக்கல்ல கிடைக்கும், மெழுகு தடவாதது வாங்குங்க. போட்டோ மூலைலேந்து அத அடில விட்டு ரம்பம் இழுக்கற மாதிரி மெதுவா இப்படி அப்படி இழுத்தா பசைய அறுத்துக்கிட்டே போகும். வரலன்னா விட்டுருங்க, பக்கத்த அப்படியே ஸ்கேன் பண்ணிக்கலாம். ஹேர் டிரையர்லாம் காட்டாதீங்க. புது ஆல்பம் வாங்கறப்ப மோந்து பாருங்க, ப்ளாஸ்டிக் நெடி அடிச்சா பெரும்பாலும் பிவிசி, அது வேணாம், பாலிப்ரோப்பிலீன் பாக்கெட் வச்சதா கேட்டு வாங்குங்க. லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, திரும்ப எடுக்கவே முடியாது. நம்ம ஊரு கடக்காத்துக்கு ஈரம் சுவர் வழியாவே வரும், அதனால வெளிச்சுவர்ல மாட்டாம உள்சுவர்ல மாட்டுங்க. ஆல்பத்த பீரோ மேல் தட்டுல வைங்க, பக்கத்துல பாச்சா உருண்டை வேணாம், ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

முத்தியால்பேட்டை தம்பி:

அக்கா, லேப் அண்ணன் பிரிண்ட் பத்தி சொல்லிட்டாரு, நான் போன் பத்தி சொல்றேன். பின்னாடி உப்பியிருக்குன்னா பேட்டரி வீங்கியிருக்கு, தயவுசெஞ்சு சார்ஜ் போட்டுப் பாக்காதீங்க, அழுத்தி மூடியையும் மூடாதீங்க, தீப்பிடிக்கும். கடைக்கு எடுத்துட்டுப் போய் பேட்டரி மாத்தச் சொல்லுங்க, குடுக்கறப்பயே ரீசெட் பண்ணக்கூடாது, உள்ள இருக்கற படம்தான் வேணும்னு ரெண்டு தடவை சொல்லுங்க, எழுதியே குடுங்க. மெமரி கார்டு இருந்தா அத முதல்லயே கழட்டி நீங்க வச்சுக்கங்க. கார்டுல அழிஞ்ச படம் கூட போட்டோரெக்னு ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு, அத வச்சு நிறைய மீட்கலாம், ஆனா அது வரைக்கும் அந்தக் கார்டுல புதுசா எதுவும் ஏத்தக் கூடாது. போன் உள்மெமரில அழிச்சது அப்படி வராது, புது போன் எல்லாம் என்க்ரிப்ட் ஆகித்தான் இருக்கும், அதாவது பூட்டத் திறக்காம உள்ள இருக்கறத படிக்க முடியாது, அதனால அப்பா போட்ட பேட்டர்ன் யாருக்கு ஞாபகம் இருக்குன்னு வீட்ல கேட்டு வைங்க.

அம்மா போன்ல வாட்ஸாப் இமேஜஸ் ஃபோல்டருக்குள்ள சென்ட்னு இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அம்மா மத்தவங்களுக்கு அனுப்புனது அதுல கெடக்கும், யாரும் அதப் பாக்கவே மாட்டாங்க. ஃபைல் பேர்லயே வருஷம் மாசம் தேதி இருக்கும், அது படம் எடுத்த நாள் இல்ல, அனுப்புன இல்ல வந்த நாள், ஆனாலும் ஒரு குறிப்புக்கு ஆகும். இனிமே சொந்தக்காரங்ககிட்ட படம் கேக்கறப்ப டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, சாதாரணமா அனுப்புனா வாட்ஸாப் சுருக்கிடும், எடுத்த தேதியும் போயிடும். பக்கத்து வீட்டுக்காரங்க, கல்யாண வீடியோ, தம்பி பொறந்தநாள் வீடியோ எல்லாத்துலயும் பின்னாடி எங்கயாச்சும் ரோஸி நடந்து போயிருப்பா, அதெல்லாம் கேட்டு வாங்குங்க. கூகுள் ஸ்ட்ரீட் வியூல உங்க தெரு வந்திருந்தா வாசல்ல படுத்திருக்காளான்னு பாருங்க, நெஜமாத்தான் சொல்றேன், அப்படி கிடைச்சவங்க இருக்காங்க.

அப்பா போன்ல கூகுள் போட்டோஸ் ஓடிக்கிட்டு இருந்திருந்தா பாதி படம் அங்கயே இருக்கும். ஆனா 2 வருஷம் தொடாத அக்கவுண்ட்ட கூகுள் அழிச்சிரலாம்னு விதி இருக்கு, அதனால இந்த வேலைய இந்த வாரமே பாருங்க. லாகின் ஆச்சுன்னா டேக்அவுட்னு ஒரு வசதி இருக்கு, மொத்தத்தையும் ஒரே தடவைல இறக்கிக்கலாம். இறக்குனத ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு ஆன்லைன் அக்கவுண்ட், அப்புறம் சென்னைலயோ வேற ஊர்லயோ இருக்கற சொந்தக்காரங்க வீட்ல ஒரு காப்பின்னு வைங்க, கடலூர்ல மறுபடி தண்ணி வந்தாலும் அது தப்பிக்கும். பென் டிரைவ்ல போட்டு பீரோல வச்சு மறந்துராதீங்க, வருஷக்கணக்கா சும்மா கெடந்தா அதுல இருக்கறது போயிரலாம்.

ஓ.டி. டீச்சர்:

அம்மாடி, நான் ஓல்டு டவுன்ல இருக்கேன், ஹிஸ்டரி டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. தம்பிங்க ரெண்டு பேரும் சொன்னது எல்லாம் சரி, நான் வேற ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதம்மா. எங்க வீட்ல என் மாமனாரோட தாத்தா ஸ்டுடியோல எடுத்த படம் ஒண்ணு இருக்கு, நாற்காலி, பூச்செட்டி, பின்னாடி வரைஞ்ச திரை, அவர் காலடில ஒரு கருப்பு நாய் எவ்வளவு அழகா உக்காந்திருக்கு தெரியுமா. அது பேரு என்னன்னு இன்னிக்கு ஒருத்தருக்கும் தெரியாது. ஸ்டுடியோவுக்கு கூட்டிட்டுப் போற அளவுக்கு பாசமா வளத்துருக்காங்க, ஆனா பேரு போச்சு. பாண்டிச்சேரில பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல இந்த மாதிரி பழைய தமிழ் ஸ்டுடியோ படங்கள தேடித் தேடி டிஜிட்டல் பண்ணாங்க, பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட, அந்த வேலையப் பத்திக் கேள்விப்பட்டப்ப எனக்கு முதல்ல தோணுனதே இந்த நாய்தான், படத்த காப்பாத்திடலாம், பேர எங்க போய் தேடறது.

இன்னொரு பக்கம் பாரு. திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊரு, அங்க மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு, 7ஆம் நூற்றாண்டு. வீரனுக்குப் பக்கத்துல நாயையும் செதுக்கி, அது பேரு கோவிவன், ரெண்டு கள்ளனக் கடிச்சுக் காத்து நின்னுச்சுன்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க. 1400 வருஷம் ஆச்சு, அந்த நாயோட பேரு, அது என்ன பண்ணுச்சு, ரெண்டுமே நமக்குத் தெரியும். கிளாஸ்ல இத சொல்றப்பல்லாம் பின் பெஞ்சு பசங்க கூட நிமிந்து உக்காருவாங்க.

அதனால ஸ்கேன் பண்றப்ப அம்மாவ பக்கத்துல உக்கார வச்சுக்கோ. ஒவ்வொரு படமா காட்டி, போன்ல ரெக்கார்ட் போட்டுட்டு, இது எப்போ, யாரு எடுத்தா, அன்னிக்கு ரோஸி என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னு கேளு. "ரோஸிய பத்தி சொல்லும்மா"ன்னு பொதுவா கேட்டா "நல்ல பொண்ணு"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிருவாங்க, படத்தக் காட்டுனாதான் வாயத் திறப்பாங்க. உன் தம்பிகிட்ட தனியா கேளு, சின்னப் பசங்களுக்கு ஞாபகம் இருக்கறது வேற மாதிரி இருக்கும். யார் வந்தா எப்படிக் குலைப்பா, பட்டாசு சத்தத்துக்கு எங்க ஒளிவா, எந்த பிஸ்கட்ட தொட மாட்டா, இதெல்லாம் எந்தப் படத்துலயும் இருக்காது. போட்டோ பின்னாடி பால் பாயிண்ட் பேனால அழுத்தி எழுதாதே, முன்பக்கம் தழும்பு விழும், ஆல்பம் பாக்கெட்டுல சின்னச் சீட்டா எழுதிப் போடு.

வில்லியனூர்காரன்:

டீச்சரம்மா சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. கால்நடை ஆஸ்பத்திரில ஊசி போட்ட கார்டு இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, தேதி எல்லாம் அதுல இருக்கும், எந்தப் படம் எந்த வயசுன்னு அத வச்சே கண்டுபுடிக்கலாம். கழுத்து பெல்ட்டு தோல்ல இருந்தா ப்ளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, பூஞ்சை வந்துரும். நல்லா தொடைச்சு நிழல்ல காய வச்சு காட்டன் துணில சுத்தி வைங்க. எங்க டாமியோட பெல்ட்டு இன்னும் அப்படித்தான் இருக்கு.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. டீச்சர், நேத்து ராத்திரி நீங்க சொன்ன மாதிரியே உக்காந்தோம். அம்மா அவ போனதுலேந்து சரியா பேசவே இல்ல, மாடில துணி காயப் போட்ட படம் ஒண்ணு, அதுல ரோஸி வால் மட்டும்தான் தெரியுது, அதப் பாத்ததும் ஆரம்பிச்சாங்க பாருங்க, நிறுத்தவே இல்ல. அப்பா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப வண்டி திருப்பத்துல வர்றதுக்கு முன்னாடியே இவ எழுந்து வாசல் கேட்டுகிட்ட போயிடுவாளாம், அத வச்சுத்தான் அம்மா டீக்கு பால் வைப்பாங்களாம். இது எனக்கு இத்தன நாளா தெரியாது. தம்பி கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு அப்புறம் அவனும் வந்து உக்காந்துட்டான். எல்லாம் ரெக்கார்ட் ஆயிருக்கு. ஊசி கார்டும் அப்பா ஃபைல்ல இருந்துச்சு, அப்பா போனையும் கடைல குடுத்துருக்கேன், மெமரி கார்டு என்கிட்ட இருக்கு.

ப்ரேம கண்ணாடியோட ஸ்கேன் பண்ணிட்டேன், அப்பா முகம் நல்லா இருக்கு, ரோஸி பக்கம் ஒரு ஓரம் கறை. இங்க ஒரு ஸ்டுடியோல ஏஐ போட்டு தெளிவாக்கி 12க்கு 18ல பிரிண்ட் தர்றோம்ங்கறாங்க. இன்னொண்ணு அம்மாவுக்குப் புடிச்ச படம், மாடிப்படில உக்காந்திருக்கறது, அது வாட்ஸாப்ல வந்தது மட்டும்தான் இருக்கு. எது பண்ணலாம் அண்ணா?

கலர்லேப் பாண்டி:

தங்கச்சி, ஏஐ போடறது தப்பில்ல, ஆனா ஸ்கேன் பண்ண ஃபைல தொடாம தனியா வச்சுட்டு காப்பில மட்டும் பண்ணச் சொல்லுங்க. அது இல்லாத இடத்த தானா வரைஞ்சு ரொப்பும், கறை இருக்கற பக்கம் உங்க ரோஸியோட மடங்குன காத நிமித்தி வச்சுரும், மூக்குகிட்ட இருக்கற நரைய அழிச்சு குட்டி நாய் மாதிரி ஆக்கிரும், பாக்க பளிச்சுன்னு இருக்கும் ஆனா அவ இருக்க மாட்டா. கறைய மட்டும் எடுக்கணும்னா கைல ரீடச் பண்றவங்க இன்னும் இருக்காங்க, காது தெளிவா தெரியற வேற படம் ஒண்ணையும் கூட குடுத்து அதப் பாத்து பண்ணச் சொல்லுங்க. பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட காட்டிட்டு ஓகே சொல்லுங்க.

வாட்ஸாப் படம் பெரும்பாலும் நீளப் பக்கம் 1600 பிக்சல்தான் இருக்கும், 12க்கு 18 போட்டா கட்டம் கட்டமா தெரியும். 5க்கு 7 போடுங்க, தெளிவா வரும். யாரு அனுப்புனாங்கன்னு பாத்து அவங்க போன்ல ஒரிஜினல் இருக்கான்னு முதல்ல கேளுங்க, இருந்தா பெருசாவே போடலாம். ப்ரேம் பண்றப்ப போட்டோவுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு, அதாவது சுத்தி வர்ற தடி அட்டை, வச்சு இடைவெளி விடச் சொல்லுங்க, கடைக்காரங்க கேக்காம வைக்க மாட்டாங்க. பேப்பர் மேட் ஃபினிஷ் எடுங்க, ட்யூப்லைட் வெளிச்சம் அடிக்காது.