ரிவர்ஸ் வேக்சினாலஜி: ‘மறுமுனைத் தடுப்பூசியியல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கிருமியின் மரபணுத்தொகுதியிலிருந்து தொடங்கித் தடுப்பூசிக்கு ஏற்ற புரதங்களைத் தேடும் முறைதான் ‘ரிவர்ஸ் வேக்சினாலஜி’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் என் கருத்து இது.

குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘எதிர்த் தடுப்பூசியியல்’ சுருக்கமான சொல்தான். செவிலியராக இருக்கும் என் அண்ணியிடம் காட்டினேன். “ஊசி போடக்கூடாதுன்னு சொல்றவங்களைப் பத்தியா?” என்று கேட்டார். இந்தக் குழப்பத்துக்கு நாம் இடம் கொடுக்கவே கூடாது.

‘தலைகீழ்த் தடுப்பூசியியல்’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஏதோ கவிழ்ந்துபோனது போலத் தொனிக்கிறது. இங்கே தொடங்கும் இடம்தான் மாறுகிறது.

மூளையுறை அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியாவான மெனிங்கோகாக்கஸின் பி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, சி போன்ற வகைகளுக்கு, கிருமியின் மேலுறைச் சர்க்கரையை வைத்தே தடுப்பூசி செய்துவிட்டார்கள். பி வகையின் சர்க்கரையோ நம் நரம்புச் செல்களில் இருப்பதைப் போன்றது. உடல் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. சரி, புரதங்களைத் தேடலாம் என்றால், கிருமியை வளர்த்துப் பிரிக்கும்போது ஏராளமாக இருப்பவைதான் முதலில் அகப்படும். இத்தாலியத் தடுப்பூசி ஆய்வாளர் ரினோ ரப்புவோலியின் குழுவினர் கிருமியை விட்டுவிட்டு அதன் மரபணுத்தொகுதியைக் கையில் எடுத்தார்கள். எந்தெந்தப் புரதம் மேற்பரப்பில் நிற்கும் என்று கணினியில் கணித்தபோது ஏறத்தாழ 600 தேறின. அவற்றில் 350-ஐ ஆய்வகங்களில் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவில் உண்டாக்கி எலிகளுக்குச் செலுத்தினார்கள். கிருமியைக் கொல்லும் எதிர்பொருளை (ஆன்டிபாடி) தூண்டியவை 28. இது 2000-இல் வெளியானது. அந்த வழியில் வந்த பெக்செரோ தடுப்பூசிக்கு 2013-இல் ஐரோப்பா அனுமதி அளித்தது.

பழைய வழி கிருமியில் தொடங்கிப் புரதத்துக்குப் போகும். இவர்கள் மரபணு எழுத்துகளில் தொடங்கிக் கிருமிக்கு வந்தார்கள். சிக்கலான நூல்கண்டின் மறுமுனையைப் பிடித்து இழுப்பதுபோல. அதனால்தான் ‘மறுமுனைத் தடுப்பூசியியல்’ என்கிறேன்.

‘கணினிவழித் தடுப்பூசியியல்’ என்றே சொல்லிவிடலாமே என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கணினி 600-ஐச் சலித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். அது 28 ஆனது ஆய்வகத்தில், எலிகளின் குருதியில். அந்த உழைப்பைச் சொல் மறைத்துவிடக் கூடாது. புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கணினியில் சலித்தெடுக்கும் வேலைக்கும் ‘கணினிவழி’ தேவைப்படும். அதைப் பொதுச்சொல்லாகவே வைத்திருப்போம்.

அப்புறம், ‘மரபுவழி’ வேண்டவே வேண்டாம். பாரம்பரிய மருந்து என்று படிப்பார்கள். ‘மரபணுவழி’ என்றால் எம்ஆர்என்ஏ தடுப்பூசி நினைவுக்கு வரும்.

‘மறுமுனையிலிருந்து தேடினார்கள்’ என்று வினையோடும் இது இயல்பாகச் சேர்கிறது. உங்கள் பாடக்குறிப்புகளில் ஒரு பத்தியில் போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.